மண்சரிவுப் புள்ளிகளின் அடர்த்தி: எண்ணுக்குக் கீழே இருக்கும் பரப்பு

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு நடந்த இடங்களின் ஆள்கூறுகளைச் சேர்த்து, ஆர் மென்பொருளின் ஸ்பாட்ஸ்டாட் தொகுப்பில் அடர்த்தி கணக்கிட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 0.0000001 அளவில் எண்கள் வந்தன. அதே தரவைக் கணக்கிட்ட தோழிக்கு ஆயிரத்துக்கு மேல் வந்தது. எது சரி? ஒரு புள்ளியின் செல்வாக்கு எவ்வளவு தூரம் பரவும் என்று சொல்லும் அகலமான சிக்மாவுக்கு என்ன கொடுப்பது? ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே அடர்த்தி எடுப்பது எப்படி? கடைசியில் வரைபடத்தில் தெரியும் சிவப்புப் பகுதியை ஆபத்து வலயம் என்று தோட்டத்து மக்களிடம் காட்டலாமா? அடுத்த ஆண்டு பதுளை மாவட்டத்தையும் சேர்க்கப்போவதாக எழுதியிருப்பதால் அதையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

இருவருடைய எண்களும் ஒரே விடையாக இருக்கக்கூடும். ஸ்பாட்ஸ்டாட் தருவது நிகழ்தகவு அன்று. ஓர் அலகுப் பரப்புக்கு எத்தனை புள்ளி என்ற செறிவு. ஆகவே எண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு பரப்பு அலகு ஒளிந்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,741 சதுர கிலோமீற்றர். உங்களிடம் 200 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரிச் செறிவு சதுர கிலோமீற்றருக்கு 0.115. ஆள்கூறுகள் மீற்றரில் இருந்தால் அதுவே சதுர மீற்றருக்கு 0.000000115 ஆகிவிடும். தோழி அகலக்கோடு, நெடுங்கோடுகளைப் பாகையிலேயே கொடுத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். நம் அகலக்கோட்டில் ஒரு சதுரப் பாகை என்பது ஏறத்தாழ 12,200 சதுர கிலோமீற்றர். 0.115ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள்: 1,400 வரும். அவருடைய எண்ணுக்குக் காரணம் இதுதான்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பாகையில் கணக்கிட்டாலும் நமக்கு வடிவம் பெரிதாகக் கெடுவதில்லை. கிழக்கு மேற்கில் ஒரு பாகையும் வடக்கு தெற்கில் ஒரு பாகையும் கிட்டத்தட்ட 110.5 கிலோமீற்றர்தான். ஐரோப்பாவில் இருந்து இதே தவறைச் செய்தால் வரைபடமே நசுங்கிப்போகும். ஆனாலும் சதுரப் பாகைக்கு இத்தனை சரிவு என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆரில் வரைபடத் தரவைக் கையாளும் எஸ்எப் தொகுப்பின் வழியாகப் புள்ளிகளை மாற்றினால், பாகையில் இருக்கும் தரவை அது ஏற்க மறுத்துப் பிழை காட்டும். எக்ஸ் நிரல், வை நிரல் என்று கையால் எடுத்துக் கொடுத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். தோழி அந்த வழியில் போயிருப்பார்.

படவெறியத்துக்கு, அதாவது பாகை ஆள்கூறுகளைத் தட்டையான மீற்றர் வலைக்கு மாற்றும் முறைக்கு, வருவோம். இலங்கையின் தேசிய வலையின் தொடக்கப் புள்ளி நம் பிதுருதலாகலையை ஒட்டியே இருக்கிறது. மலையகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது ஒரு வசதி, ஏனெனில் உருமாற்றப் பிழை இங்கே மிகச் சிறியது. 1999ஆம் ஆண்டின் வலையில் அந்தப் புள்ளிக்குக் கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று மதிப்பு. மென்பொருளில் கொடுக்க வேண்டிய அதன் ஈபிஎஸ்ஜி குறியெண் 5235. பழைய கண்டவளை வலையில் அதே புள்ளி 200,000, 200,000; குறியெண் 5234. அரச அலுவலகங்களிலிருந்து கிடைக்கும் பழைய கோப்புகளில் இரண்டும் கலந்திருக்கும். உங்கள் புள்ளிகள் மாவட்ட எல்லையிலிருந்து கிழக்கிலும் வடக்கிலும் சரியாக 300 கிலோமீற்றர் தள்ளி விழுந்தால், வேறெங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான். எறியத்தை மாற்றியபின் ஆள்கூறுகளை ஆயிரத்தால் வகுத்துக் கிலோமீற்றருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ரீஸ்கேல் என்ற கட்டளை புள்ளிகளையும் எல்லையையும் சேர்த்தே மாற்றித் தரும். அதன்பின் வரும் எண்கள் எல்லாம் சதுர கிலோமீற்றருக்கு என்று நேராகப் படிக்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டளை வரிகளை நகலெடுத்தால் ஒரு சிக்கல் வரும். ஸ்பாட்ஸ்டாட் 2021இல் பல சிறு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. எல்லைகளை மாற்றித் தந்த மேப்டூல்ஸ் 2023இல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது எஸ்எப் போதும்.

இனிச் சாளரம். புள்ளி விழுந்திருக்கக்கூடிய இடம் எது என்பதை மென்பொருளுக்குச் சொல்வது சாளரம்தான், இதைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிறார்கள். எல்லை எதுவும் தராமல் புள்ளிகளைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால், அந்தச் செவ்வகத்துக்குள் வரும் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் சரிவே நடக்கவில்லை என்று நீங்கள் சாட்சி சொல்வதாக ஆகிவிடும். உண்மையில் அங்கே நீங்கள் தேடவே இல்லை. புள்ளி இல்லாத இடமும் ஒரு தரவு. ஆனால் தேடிப் பார்த்த இடத்தில்தான்.

மாவட்ட எல்லையைக் கொடுத்தாலும் வேலை முடியவில்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களின் நீர்ப்பரப்பில் மண்சரிவு நடக்க வழியில்லை. அவற்றைச் சாளரத்தில் ஓட்டைகளாக வெட்டிவிட வேண்டும். பதுளையைச் சேர்க்கும்போது இது இன்னும் கூர்மையாகும். அந்த மாவட்டத்தின் வடக்கே மஹியங்கனைப் பக்கம் தரை சமநிலம். அதையும் சேர்த்துப் பதுளை மாவட்டத்தின் சராசரிச் செறிவு இவ்வளவு என்று சொன்னால், ஹல்துமுல்லை மலைச்சரிவில் வாழ்பவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது. குறைந்த சாய்வுள்ள நிலத்தை நீக்கிவிட்டுச் சரிவு நிலத்துக்கு மட்டும் கணக்கிடலாம். எதை நீக்கினீர்கள், எத்தனை பாகைச் சாய்வுக்குக் கீழே வெட்டினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிட்டால் போதும். வரைபடத்தின் பரப்பு கிடைத்தளப் பரப்பு என்பதும் நினைவிருக்கட்டும்: 35 பாகைச் சாய்வில் உண்மையான நிலப்பரப்பு அதைவிட 22 சதவீதம் கூடுதல். திருத்தம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பிரதேசங்களை ஒப்பிடும்போது அந்த வித்தியாசத்தைத் தாண்டிய வேறுபாடுதானா என்று பாருங்கள்.

சிக்மாதான் உங்கள் கேள்வியின் நடுவில் இருப்பது, அதில் நிதானமாக நிற்போம். டென்சிட்டி கட்டளை செய்வது இவ்வளவே: ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு கொத்து அரிசியைக் கொட்டுகிறது, சிக்மா சிறிதாக இருந்தால் குவியல் கூராக நிற்கும், பெரிதாக இருந்தால் பரந்து தாழும், அரிசியின் அளவு மாறாது. எல்லாக் குவியல்களையும் கூட்டிய உயரமே அந்த இடத்தின் அடர்த்தி. குவியலின் வடிவத்தைக் கேர்னல் என்பார்கள். இயல்பான கேர்னல் கவுசியன் எனும் மணிவடிவ வளைவு. ஒரு புள்ளியின் எடையில் 39 சதவீதம் ஒரு சிக்மா தூரத்துக்குள்ளும், 86 சதவீதம் இரண்டு சிக்மா தூரத்துக்குள்ளும் இருக்கும். இரண்டு கிலோமீற்றர் சிக்மா கொடுத்தால் ஒரு சரிவின் செல்வாக்கு நாலு கிலோமீற்றர் வரை போகிறது என்று பொருள்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள அளவுகோல் கிடைக்கிறது. தனியே நிற்கும் ஒரே ஒரு புள்ளியின் உச்சி உயரம், ஒன்றை இரண்டு பை சிக்மா வர்க்கத்தால் வகுத்தால் வருவது. சிக்மா 1 கிலோமீற்றர் என்றால் 0.159, அரைக் கிலோமீற்றர் என்றால் 0.637, இரண்டு கிலோமீற்றர் என்றால் 0.04. உங்கள் வரைபடத்தின் கடுஞ்சிவப்பு 0.65 என்று காட்டி, நீங்கள் கொடுத்த சிக்மா அரைக் கிலோமீற்றராக இருந்தால், அந்தச் சிவப்புக்குப் பின்னால் இருப்பது ஒரு சரிவு மட்டுமே. அது தனிப் புள்ளி, கொத்து அன்று. நிறங்களைப் பார்த்து விளக்கம் எழுதத் தொடங்கும் முன் இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பல ஆய்வறிக்கைகளின் வெப்ப வரைபடங்கள் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

சிக்மா எதுவும் தராவிட்டால் மென்பொருள் சாளரத்தைச் சுற்றிய செவ்வகத்தின் குறுகிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். குறுகிய பக்கம் 48 கிலோமீற்றர் என்றால் சிக்மா 6 கிலோமீற்றர். ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் நேர்கோட்டில் ஏழு கிலோமீற்றர் அளவுதான். அந்த வரைபடத்தில் இரண்டும் ஒரே மேடாகக் கரைந்துவிடும். அது கட்டளை ஓடுவதற்காக வைத்த எண். உங்கள் மலைகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

தரவிலிருந்தே சிக்மா தேர்ந்தெடுக்கும் வழிகள் நான்கு தொகுப்பில் இருக்கின்றன: டிகிள், பிபிஎல், ஸ்காட், சிவிஎல். டிகிள் முறை புள்ளிகள் கொத்துக் கொத்தாக விழும் என்று கருதிக்கொண்டு பிழையைக் குறைக்கிறது. வழக்கமாக மிகச் சிறிய அகலத்தைத் தரும். பிபிஎல், இடத்துக்கு இடம் செறிவு மாறினாலும் புள்ளிகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்ற கருத்தில், ஒரு புள்ளியை விட்டுவிட்டு மற்றவற்றால் அதை ஊகிக்கிறது. ஸ்காட் வெறும் விதி: ஒவ்வோர் அச்சிலும் நியம விலகலைப் புள்ளிகளின் எண்ணிக்கையின் ஆறாம் மூலத்தால் வகுக்கும். 64 புள்ளிகள், நியம விலகல் 12 கிலோமீற்றர் என்றால் 6 கிலோமீற்றர் வரும், மிகவும் பரந்தது. சிவிஎல் 2018இல் வெளியான முறை. அதுவும் பெரிய அகலங்களின் பக்கமே சாயும்.

என் தேர்வு பிபிஎல்லில் தொடங்குவது. அதன் விடையை அப்படியே ஏற்காமல், தேர்வு வளைவை வரைந்து பாருங்கள். வளைவின் உச்சி நடுவில் இல்லாமல் தேடல் எல்லையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த விடைக்கு மதிப்பில்லை. டிகிள் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எண்ணைத் தந்தால், ஒரே ஆள்கூற்றில் பல புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின்) பல வீடுகள் சேதமடைந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவு போட்டிருப்பார்கள். சரிவு ஒன்று, புள்ளி பத்து. கணினி அதைப் பூச்சியத் தூரக் கொத்து என்று படிக்கும்.

இந்த முறைகள் எதற்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: புள்ளிகள் எவ்வளவு துல்லியமானவை என்பது. சரிவின் தலைப்பகுதியில் நின்று எடுத்ததா, வீதியில் நின்று எடுத்ததா, அல்லது கிராம சேவகர் பிரிவின் நடுப்புள்ளியை யாரோ போட்டுவிட்டார்களா? மூன்றாவது வகையென்றால் இடப்பிழையே ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். அதற்குக் குறைந்த சிக்மா வெறும் அலங்காரம். படத்துண்டின் (பிக்சலின்) அளவையும் பாருங்கள். இயல்பாக 128க்கு 128 கட்டங்கள்தான் போடும். 64 கிலோமீற்றர் அகலத்துக்கு ஒரு கட்டம் அரைக் கிலோமீற்றர். 300 மீற்றர் சிக்மாவை அந்தக் கட்டத்தில் கணக்கிடுவது வீண். கட்டத்தின் பக்கம் சிக்மாவில் நான்கில் ஒன்றுக்கு மேல் போகாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் வெப்ப வரைபடத்தோடு ஒப்பிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே கேட்கப்படும் ஆரை, செல்வாக்கு முற்றிலும் முடியும் தூரம். நியம விலகல் அன்று. அதன் வழக்கமான நாற்படிக் கேர்னலில் ஆரையை 2.83ஆல் வகுத்தால்தான் ஸ்பாட்ஸ்டாட்டின் சிக்மாவுக்குச் சமம். 3 கிலோமீற்றர் ஆரையும் ஏறத்தாழ 1.06 கிலோமீற்றர் சிக்மாவும் ஒன்று. ஆரின் மாஸ் தொகுப்பில் உள்ள கேடிஈ கட்டளையோ முழுப் பரப்பின் தொகையீட்டை (அடர்த்தியைப் பரப்பால் பெருக்கிக் கூட்டியதை) ஒன்றாக்கும் நிகழ்தகவு அடர்த்தி தருகிறது, கொடுக்கும் அகலத்தை நான்கால் வகுத்தும் கொள்கிறது. எண்கள் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

கணக்கு சரிதானா என்று அறிய எளிய சோதனை, வந்த படத்தின் தொகையீட்டை எடுப்பது. அது புள்ளிகளின் எண்ணிக்கைக்கு அருகில் வர வேண்டும். சாளரத்துக்கு வெளியே கொட்டும் எடையை ஈடுசெய்யும் இயல்பான எல்லைத் திருத்தத்தில் அது சற்றுக் கூடலாம், குறையலாம். டிகிள் திருத்தத்தைக் கேட்டால் ஏறத்தாழச் சரியாக 200 வரும். திருத்தமே இல்லாவிட்டால் நேரான எல்லையில் அடர்த்தி பாதியாகிவிடும், ஏனெனில் குவியலின் பாதி வெளியே கொட்டுகிறது. மாவட்ட எல்லை மலைக்குத் தெரியாத கோடு. பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு கிலோமீற்றர் வரை புள்ளிகள் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். எந்தத் திருத்தத்தைவிடவும் அது நல்லது. படத்தில் எங்கோ பூச்சியத்துக்குக் கீழே மிகச் சிறிய எண்கள் தெரிந்தால் பதற வேண்டாம், அது வேகக் கணிப்பு முறையின் எண்பிழை.

புள்ளி ஒவ்வொன்றிலும் அடர்த்தி வேண்டுமென்றால், படத்துண்டுகளுக்குப் பதிலாகப் புள்ளிகளில் என்று கேட்டாலே போதும். ஆனால் அங்கே கணினி அந்தப் புள்ளியையே நீக்கிவிட்டு மற்றவற்றால் கணக்கிடும். தனித்த சரிவுக்குப் படத்தில் 0.159 என்றும் இங்கே பூச்சியத்துக்கு அருகிலும் வருவது அதனால்தான். அயலில் வேறு சரிவு உண்டா என்பதே கேள்வி என்றால் இந்த இயல்பை மாற்றாதீர்கள். எல்லாச் சரிவும் ஒரே எடை பெறுவது பொருந்தாவிட்டால் வெயிட்ஸ் என்ற அளவுரு வழியாகச் சரிந்த பரப்பை எடையாகக் கொடுக்கலாம். 2014 ஒக்டோபர் 29இல் ஒரு குடியிருப்பையே மூடிய மீரியபெத்தைச் சரிவும் வீதியோரம் பெயர்ந்த ஒரு மண்மேடும் சமமல்ல. அப்போது விடையின் அலகும் மாறும்: சதுர கிலோமீற்றருக்கு இத்தனை சதுர மீற்றர் சரிந்த நிலம்.

மலையகத்துக்கே உரிய ஒரு பிரச்சினையை எந்த அளவுருவும் தீர்க்காது. கேர்னல் நேர்கோட்டுத் தூரத்தை மட்டும் அறியும். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே ஒரு முதுகில் இருக்கிறது. வடக்கே பண்டாரவளைப் பக்கம், தெற்கே செங்குத்தாக இறங்கிக் கொஸ்லந்தைப் பக்கம். மழையும் வேறு, பாறையின் சாய்வும் வேறு. இரண்டு கிலோமீற்றர் சிக்மா அந்த முதுகைத் துளைத்துக்கொண்டு தெற்குச் சரிவுகளின் எடையை வடக்கே கொண்டுபோய்ப் பூசும். நீர்பிரி கோட்டில் சாளரத்தை இரண்டாக வெட்டித் தனித்தனியே கணக்கிடுவது ஒரு வழி. அதைவிட நான் விரும்புவது ரோஹாட் என்ற கட்டளை: சாய்வு, உயரம், வீதியிலிருந்து தூரம் போன்ற ஒன்றைக் கொடுத்தால், அதன் ஒவ்வொரு மதிப்புக்கும் சரிவுகளின் செறிவு எவ்வளவு என்று வளைவாகத் தரும்.

வீதியிலிருந்து தூரத்தைக் கொடுத்து அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வீதியோரத்தில் செறிவு மலையாக எழுந்து, விலக விலகச் சரிந்தால் இரண்டு விளக்கம் சாத்தியம்: வீதிக்காக வெட்டிய மண்சுவர்கள் உண்மையாகவே சரிகின்றன, அல்லது வீதியில் வாகனம் நின்றால்தான் சரிவு பதிவாகிறது, மேல்மலைத் தேயிலைக்குள் நடந்தது யார் ஏட்டிலும் ஏறுவதில்லை. தரவால் மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. வீதிவெட்டுச் சரிவுகள் மட்டுமே உங்கள் பொருள் என்றால் பரப்பை மறந்துவிட்டு வீதி வலையின் மேலேயே அடர்த்தி எடுங்கள். தொகுப்பில் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது, விடை கிலோமீற்றருக்கு இத்தனை என்று வரும்.

இதனால்தான் கடைசிக் கேள்விக்கு என் பதில், காட்டாதீர்கள் என்பது. உங்கள் சிவப்பு, பதிவான சரிவுகள் எங்கே நெருங்கியிருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை லயங்கள் அந்தச் சரிவுகளுக்குக் கீழே இருக்கின்றன என்ற பகுதியெண் அதில் இல்லை. குடியிருப்புகளின் அடர்த்தியையும் அதே சிக்மாவில் கணக்கிட்டு, ரெல்ரிஸ்க் என்ற கட்டளை வழியாக இரண்டின் விகிதத்தை எடுத்தால் ஓரளவு நெருங்கலாம். ஆபத்து வலயம் என்று பெயர் வைப்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 அளவுத்திட்ட வரைபடங்கள் இருக்கின்றன. அவை பாறை, மண்படிவு, சாய்வு, நீரோட்டம், நிலவடிவம், நிலப்பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பவை. வெள்ளையாகத் தெரியும் இடம் பாதுகாப்பானது என்று ஒரு குடும்பம் உங்கள் படத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டால் அதைத் திருத்த வழியில்லை.

புள்ளிகளை மட்டும் கொண்டுபோங்கள். தோட்ட டிவிஷன் பெயர்கள், ஓடைகள், பிரட்டுக்களம் (காலையில் பெயர் பதியக் கூடும் இடம்), கோயில் எல்லாம் குறித்த ஒரு படத்தில் புள்ளிகளை வைத்து, எது விடுபட்டிருக்கிறது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். எந்த மலையில் எந்த மழைக்கு மண் இறங்கியது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண்டு நினைவில்லாவிட்டாலும் எந்தத் துரையின் காலம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிக் கிடைப்பவற்றைத் தனிக் குறியோடு சேர்த்து, அலுவலகப் பதிவு ஒன்று, மக்கள் நினைவு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, ஒரே சாளரத்தில் ஒரே சிக்மாவில் அடர்த்தி எடுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் புள்ளி எண்ணிக்கையால் வகுத்துவிட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், ஏடுகள் எந்த மலைகளைப் பார்க்கவில்லை என்பது தெரியும். ஆய்வறிக்கையில் முதலில் போட வேண்டிய படம் அதுதான்.